எந்தக் கதவைத் திறப்பது?

சிகாமட் நகரின் ஊடே சிகாமட் ஆறு ஓடி, மூவார் ஆற்றில் கலக்கிறது. வெயில் காலத்தில் அமைதியாகத் தோன்றும் இந்த ஆறு, அடைமழை தொடர்ந்தால் கரையை மீறி ஊருக்குள் புகுந்துவிடும். 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் வந்த வெள்ளங்களை இவ்வட்டார மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சாலைகள் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டுத் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது.

அத்தகைய ஒரு நாளில், ஆற்றங்கரைக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பாட்டியால் விரைந்து நடக்க இயலாது. அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பாலத்துச் சாலை. அது குறுகிய வழி. மற்றொன்று மேட்டுச் சாலை, அது சுற்றுவழி. அந்த நேரத்தில் தாயாரின் கைப்பேசிக்குப் புலனத்தின் வழி இரண்டு செய்திகள் வருகின்றன. “பாலத்துச் சாலை திறந்துதான் இருக்கிறது. அஞ்சாமல் வரலாம்” என்கிறது ஒன்று. “பாலத்துச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது. யாரும் போக வேண்டாம்” என்கிறது மற்றொன்று. இரண்டையும் முதலில் எழுதியவர் யார் என்பது தெரியவில்லை. எதை நம்புவது?

இரண்டு வழிகள், இரண்டு அறிவிப்புகள், ஒரு முடிவு. இதே அமைப்பில் உருவான ஒரு விளையாட்டு உலகெங்கும் உண்டு. அதற்குக் கதவுப் புதிர் என்று பெயரிடலாம். மூடிய கதவுகள் சில இருக்கும். ஒவ்வொரு கதவின் மீதும் ஒரு கூற்று எழுதப்பட்டிருக்கும். அக்கூற்று மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எந்தக் கதவைத் திறப்பது என்பதைச் சிந்தித்தே கண்டறிய வேண்டும்.

புதிர் பிறந்த கதை

அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஸ்டாக்டன் 1882ஆம் ஆண்டில் ஒரு சிறுகதையை வெளியிட்டார். ‘மங்கையா, புலியா?’ என்பது அதன் தலைப்பின் பொருள். அக்கதையில் வரும் அரசன், குற்றம் சாட்டப்பட்டவரை ஓர் அரங்கின் நடுவே நிறுத்துகிறான். எதிரே இரண்டு கதவுகள் உள்ளன. ஒன்றின் பின்னால் பசியோடு புலி இருக்கிறது. மற்றொன்றின் பின்னால் ஒரு மங்கை இருக்கிறாள். புலியின் கதவைத் திறந்தால் சாவு. மங்கையின் கதவைத் திறந்தால் விடுதலையும் திருமணமும். அரசனின் மகளைக் காதலித்த இளைஞன் ஒருவன் அங்கே நிறுத்தப்படுகிறான். எந்தக் கதவின் பின்னால் என்ன இருக்கிறது என்பது இளவரசிக்குத் தெரியும். அவள் வலப்பக்கக் கதவைச் சுட்டிச் சாடை காட்டுகிறாள். அவன் அதைத் திறக்கிறான். வெளியே வந்தது எது என்பதைச் சொல்லாமலேயே கதை முடிகிறது.

இளவரசி காதலனைக் காப்பாற்ற நினைத்தாளா, அல்லது அவன் வேறொருத்தியை மணப்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தாளா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் இதைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். ஆனால், விடை கிடைக்கவில்லை. அவளுடைய சாடை மெய்யானது என்பதற்கு எந்த உறுதியும் கதையில் இல்லாததே அதற்குக் காரணம்.

1982ஆம் ஆண்டில், ரேமண்ட் ஸ்மல்லியன் என்னும் அமெரிக்க அளவையியல் அறிஞர் அதே தலைப்பில் ஒரு புதிர் நூலை எழுதினார். 1919இல் பிறந்து 2017இல் மறைந்த இவர் கணிதப் பேராசிரியர், பியானோ வாசிப்பவர், மாயவித்தை செய்து காட்டியவரும்கூட. இவருடைய நூலில் வரும் அரசன், ஸ்டாக்டனின் கதையைப் படித்துவிட்டுக் கைதிகளைச் சோதிக்க விரும்புகிறான். கதவுகளின் மீது அறிவிப்புகளைத் தொங்கவிடுகிறான். அதோடு, ‘இவ்விரண்டில் ஒன்று மெய், மற்றொன்று பொய்’ என்பது போன்ற ஓர் உறுதிமொழியையும் கொடுக்கிறான். அந்த உறுதிமொழிதான் ஸ்டாக்டனின் விடையில்லாக் கதையை விடையுள்ள புதிராக மாற்றியது.

சிகாமட்டில் ஒரு சோதனை

இப்புதிரைச் சிகாமட்டுக்குக் கொண்டுவருவது கடினமன்று. ஜொகூர் மாநிலத்தில் டுரியானுக்குப் பெயர்பெற்ற மாவட்டங்களுள் சிகாமட்டும் ஒன்று. புலிக்கும் பஞ்சமில்லை எனலாம். மலாயாப் புலி வாழும் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஒரு நுழைவழி, இம்மாவட்டத்தின் பெக்கோக் பகுதி வழியாகத்தான் செல்கிறது. உண்மையில் அந்தப் புலிகளுக்குத்தான் ஆபத்து மிகுதி. நம் நாட்டுக் காடுகளில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியுள்ளன என்று கணக்கிடப்பட்டுள்ளது. எனினும், மூடிய கதவின் பின்னால் நிற்கும் புலி யாரையும் நடுங்கச் செய்யும்.

ஆகவே, இரண்டு அறைகள் இருப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு கூடை டுரியான் இருக்கலாம். அல்லது புலி இருக்கலாம். இரண்டிலும் டுரியானே இருக்கலாம். இரண்டிலும் புலியே இருக்கவும் கூடும். கதவுகளில் உள்ள அறிவிப்புகள் பின்வருமாறு:

முதல் கதவு: இரண்டாம் அறையில் டுரியான் உள்ளது.
இரண்டாம் கதவு: இரண்டு அறைகளிலும் டுரியான்தான் உள்ளது.

உறுதிமொழி இது: இவ்விரு கூற்றுகளில் ஒன்று மெய், மற்றொன்று பொய்.

முதன்முறை இதைப் பார்ப்பவர், எந்த அறிவிப்பு நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது என்று ஊகிக்கத் தொடங்குவார். அது பயன் தராது. கூற்றின் தோற்றத்தை வைத்து மெய்யா பொய்யா என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியது வேறு. ஒரு கூற்றை மெய் என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அதன் விளைவுகளைத் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் கதவின் கூற்று மெய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு அறைகளிலும் டுரியான் இருக்க வேண்டும். இரண்டாம் அறையிலும் டுரியான் இருப்பதால் முதல் கதவின் கூற்றும் மெய்யாகிவிடுகிறது. இரண்டுமே மெய்! ஆனால், ஒன்றுதான் மெய் என்பது உறுதிமொழி. ஆக, முரண்பாடு தோன்றிவிட்டது. எடுத்துக்கொண்ட எண்ணம் தவறு என்பதே இதன் பொருள். எனவே, இரண்டாம் கதவின் கூற்று பொய். முதல் கதவின் கூற்று மெய். இரண்டாம் அறையைத் திறந்தால் டுரியான் கிடைக்கும்.

முதல் அறையில் என்ன இருக்கும்? இங்குப் பலர் தடுமாறுவர். ‘இரண்டு அறைகளிலும் டுரியான் உள்ளது’ என்பது பொய்யானால், ‘இரண்டு அறைகளிலும் புலி உள்ளது’ என்பது மெய் என்று அவசரப்பட்டு முடிவு செய்வார்கள். அது சரியன்று. ‘வகுப்பில் எல்லாரும் வீட்டுப்பாடம் செய்தனர்’ என்பது பொய்யாவதற்கு ஒரே ஒரு மாணவர் செய்யாமல் இருந்தால் போதும். யாருமே செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. அதுபோல, ‘இரண்டிலும் டுரியான்’ என்பதன் மறுப்பு, ‘ஒன்றிலாவது புலி’ என்பதே. இரண்டாம் அறையில் டுரியான் இருப்பது தெரிந்துவிட்டதால், அந்தப் புலி முதல் அறையில்தான் இருக்கிறது.

முரண்படும் இணையைத் தேடுதல்

கதவுகள் மூன்றானால் ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்கு நேரம் பிடிக்கும். அப்போது வேறொரு வழி உதவும். மூன்று அறைகளில் ஒன்றில் மட்டும் டுரியான் உள்ளது. மற்ற இரண்டிலும் புலிகள். அறிவிப்புகள் இவை:

முதல் கதவு: டுரியான் இந்த அறையில் இல்லை.
இரண்டாம் கதவு: டுரியான் மூன்றாம் அறையில் இல்லை.
மூன்றாம் கதவு: டுரியான் முதல் அறையில் உள்ளது.

உறுதிமொழி: மூன்று கூற்றுகளில் ஒன்றே ஒன்றுதான் மெய்.

முதல் கதவையும் மூன்றாம் கதவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் அறையில் டுரியான் இல்லை என்கிறது ஒன்று. இருக்கிறது என்கிறது மற்றொன்று. இவை நேருக்கு நேர் முரண்படுகின்றன. இரண்டும் ஒருசேர மெய்யாக முடியாது. ஒருசேரப் பொய்யாகவும் முடியாது. எனவே, இவற்றுள் ஒன்று கட்டாயம் மெய். அது எது என்று இன்னும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மொத்தத்தில் உள்ள ஒரே மெய் இந்த இணைக்குள் அடங்கிவிட்டதால், எஞ்சிய இரண்டாம் கதவின் கூற்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ‘டுரியான் மூன்றாம் அறையில் இல்லை’ என்பது பொய். ஆகவே, டுரியான் மூன்றாம் அறையில் உள்ளது.

விடையைச் சரிபார்ப்பதும் எளிது. டுரியான் மூன்றாம் அறையில் இருந்தால், முதல் கதவின் கூற்று மெய். மற்ற இரண்டும் பொய். ஒன்றே மெய் என்ற உறுதிமொழி பொருந்துகிறது. கணிதத்தில் விடையைப் பதிலிட்டுப் பார்ப்பதுபோல, அளவைப் புதிரிலும் விடையைத் தொடக்கத்தில் பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இப்போது அறிவிப்புகளை மாற்றாமல், உறுதிமொழியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ‘ஒன்றே ஒன்றுதான் மெய்’ என்பதற்குப் பதிலாக, ‘குறைந்தது ஒன்று மெய்’ என்று அரசன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முரண்படும் இணையில் எப்போதும் ஒன்று மெய்யாகவே இருக்கும். எனவே, அரசன் சொன்னதில் புதிய செய்தி எதுவும் இல்லை. டுரியான் எந்த அறையில் இருந்தாலும் அவனுடைய சொல் பொருந்தும். ஆக, புதிருக்கு விடையே இல்லாமல் போகிறது. கதவுகளும் அவைதாம், எழுத்துகளும் அவைதாம். ஆயினும், உறுதிமொழி தளர்ந்தவுடன் கதவுகள் பேசாமல் நின்றுவிடுகின்றன.

ஒரே ஒரு கேள்வி

இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது இரண்டு காவலர் புதிர். இரண்டு கதவுகள், ஒன்றின் பின்னால் டுரியான், மற்றொன்றின் பின்னால் புலி. இரண்டு காவலர்கள் நிற்கின்றனர். ஒருவர் எப்போதும் மெய்யே பேசுவார். மற்றவர் எப்போதும் பொய்யே பேசுவார். எவர் மெய்யர், எவர் பொய்யர் என்பது தெரியாது. யாரேனும் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி இது: “டுரியான் எங்கே என்று மற்றக் காவலரிடம் கேட்டால், அவர் எந்தக் கதவைக் காட்டுவார்?” கேட்கப்பட்டவர் மெய்யர் என்றால், பொய்யர் காட்டக்கூடிய புலிக் கதவை உள்ளபடியே சொல்வார். கேட்கப்பட்டவர் பொய்யர் என்றால், மெய்யர் காட்டக்கூடிய டுரியான் கதவை மறைத்துப் புலிக் கதவையே சொல்வார். யாரிடம் கேட்டாலும் பதில் புலிக் கதவுதான். ஆகவே, அவர் சொல்லாத கதவைத் திறந்தால் போதும்.

இதன் இரகசியம் கணிதத்தில் உள்ளது. நேர்ம எண்ணையும் எதிர்ம எண்ணையும் பெருக்கினால், எதை முதலில் எழுதினாலும் விடை எதிர்மமே. இக்கேள்வி, பதிலை இருவர் வழியாகவும் கடந்துவரச் செய்கிறது. ஒருமுறை மெய், ஒருமுறை பொய். வரிசை எதுவானாலும் முடிவு பொய்தான். பொய் என்று உறுதியாகத் தெரிந்த பதில், மெய்யான பதிலைப் போலவே பயன் தரும்.

ஆனால், காவலர் இருவரும் மெய்யர்களாகவே இருந்துவிட்டால் என்னாகும்? அதே கேள்விக்கு டுரியான் கதவு பதிலாக வரும். அறிவாளி எனத் தம்மை எண்ணிக்கொண்டவர் அதை விட்டுவிட்டு, மற்றக் கதவைத் திறந்து புலியின் முன் நிற்பார். இருவரும் பொய்யர்களாக இருந்தாலும் அதே கதிதான். கேள்வியின் திறமை முழுவதும், ‘ஒருவர் மெய்யர், ஒருவர் பொய்யர்’ என்ற உறுதிமொழியின் மீதே நிற்கிறது.

ஏமாற்றும் கதவு

பின்வரும் புதிர் இந்த உண்மையை இன்னும் கூர்மையாகக் காட்டும். இரண்டு அறைகள், ஒன்றில் டுரியான், மற்றொன்றில் புலி. அறிவிப்புகள்:

முதல் கதவு: டுரியான் இரண்டாம் அறையில் உள்ளது.
இரண்டாம் கதவு: இவ்விரண்டு கூற்றுகளும் பொய்.

ஒருவர் இவ்வாறு சிந்திக்கிறார்: ‘இரண்டாம் கதவின் கூற்று மெய்யாக முடியாது. மெய்யானால், தன்னையே பொய் என்று சொல்லிக்கொள்கிறது. ஆகவே, அது பொய். இரண்டும் பொய் என்பது பொய்யானால், ஒன்றாவது மெய். அது முதல் கதவின் கூற்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே, டுரியான் இரண்டாம் அறையில் உள்ளது.’ ஒவ்வொரு படியும் சரியாகத் தோன்றுகிறது. அவர் துணிவோடு இரண்டாம் கதவைத் திறக்கிறார். உள்ளே புலி!

எங்கே தவறு நேர்ந்தது? அந்தக் கதவுகளின் கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தே தீரும் என்று யாரும் அவருக்கு உறுதி கூறவில்லை. அதை அவரே எடுத்துக்கொண்டார். ‘நான் சொல்வது பொய்’ என்று ஒருவர் சொன்னால், அது மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. டுரியான் முதல் அறையில் இருக்கும்போது இரண்டாம் கதவின் கூற்றும் அப்படிப்பட்டதாகிவிடுகிறது. கதவில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதிவிட்டு, உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஸ்மல்லியன் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிர் நூலில் இத்தகைய ஒரு பொறியை வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், போர்ஷியா என்பவளை மணக்க விரும்புவோர் தங்கம், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளில் அவளுடைய படம் உள்ள பேழையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பேழைகளைக் கொண்டு பல புதிர்களை அமைத்த ஸ்மல்லியன், அவற்றுள் ஒன்றில் மிகக் கவனமாகச் சிந்தித்தவனையும் வெறும் பேழையைத் திறக்க வைக்கிறார். அந்தப் பேழைகளில் எழுதப்பட்டவை மெய்யா பொய்யா என்பது பற்றி யாரும் அவனுக்கு எந்த உறுதியும் தரவில்லை.

தமிழர் கண்ட அளவை

கூற்றைச் சோதிக்கும் இக்கலை தமிழுக்குப் புதியதன்று. அளத்தற்கு உதவுவது அளவை. நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல, அறிவை அளக்கவும் கருவிகள் உண்டு என்று முன்னோர் கருதினர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கச் செல்லும் மணிமேகலைக்கு முதலில் அளவைகளைப் பற்றிச் சொல்பவர் அளவைவாதியே. 29ஆம் காதையில், அறவண அடிகள் அவளுக்குத் தருக்க முறையைக் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கருத்து பக்கம்; அதற்குரிய காரணம் ஏது; அதை விளக்குவது எடுத்துக்காட்டு. இம்மூன்றிலும் நேரக்கூடிய குறைகளைப் போலிகள் என்று பெயரிட்டு அவர் வகைப்படுத்துகிறார்.

இதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் சான்று எளிமையானது. மலையில் நெருப்பு உள்ளது என்பது கருத்து. புகை தெரிவது காரணம். அடுக்களையில் புகை இருக்குமிடத்தில் நெருப்பும் இருப்பது எடுத்துக்காட்டு. ஆனால், சிகாமட்டிற்கு அண்மையிலுள்ள லேடாங் மலையில் விடியற்காலையில் தவழும் பனிமூட்டத்தைப் புகை என்று எண்ணிவிட்டால், காரணமே போலியாகிவிடும். அதன்பின் எவ்வளவு ஒழுங்காகச் சிந்தித்தாலும் முடிவு தவறாகவே அமையும்.

சைவ சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றை முதன்மையான அளவைகளாகக் கொள்கின்றன. கண்ணால் கண்டறிவது காண்டல். புகையைக் கொண்டு நெருப்பை உணர்வதுபோல ஆராய்ந்தறிவது கருதல். பிறர் சொல்லக் கேட்டறிவது உரை. கதவின் மீதுள்ள அறிவிப்பு, இவற்றுள் உரை வகையைச் சார்ந்தது. பழைய இந்தியத் தருக்க நூலார் உரையை அளவையாக ஏற்றபோது, ஒரு கட்டுப்பாட்டையும் உடன் விதித்தனர். நம்பத்தக்கவர் சொன்ன உரையே அளவையாகும் என்பது அக்கட்டுப்பாடு. சொல்லப்படும் பொருளை அறிந்தவராகவும் அதை உள்ளபடி சொல்பவராகவும் இருப்பவரே நம்பத்தக்கவர். புதிர் அரசனின் உறுதிமொழி செய்யும் வேலையை, வாழ்க்கையில் இந்தக் கட்டுப்பாடுதான் செய்கிறது.

மீண்டும் ஆற்றங்கரையில்

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில், தாயாரின் கையிலுள்ள இரண்டு செய்திகளுக்கு இப்போது திரும்பலாம். பாலத்துச் சாலை திறந்திருக்கிறது என்பதும், அதில் தண்ணீர் ஏறிவிட்டது என்பதும் முரண்படும் இணைபோலத் தோன்றுகின்றன. ஒன்று மெய்யானால் மற்றது பொய் என்று சொல்லத் தோன்றும். ஆனால், இரண்டிலும் நேரம் குறிப்பிடப்படவில்லை. காலை ஆறு மணிக்கு ஒருவர் பாலத்தைக் கடந்துவிட்டு முதல் செய்தியை எழுதியிருக்கலாம். எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறியதைக் கண்டு மற்றொருவர் இரண்டாம் செய்தியை எழுதியிருக்கலாம். எழுதிய பொழுதில் இரண்டுமே மெய். பத்து மணிக்கு அவற்றைப் படிப்பவருக்கு அவற்றுள் ஒன்று உயிரைப் பறிக்கும் பொய்யாகிவிடக்கூடும். நேரமும் இடமும் இல்லாத செய்தி, பாதி எழுதப்பட்ட கூற்றே ஆகும்.

முதல் செய்தி பத்துக் குழுக்களில் வந்திருக்கிறது என்பதாலும் அது மெய்யாகிவிடாது. பத்துப் பேர் தனித்தனியே பாலத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், அவை பத்துச் சான்றுகள். ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பகிர்ந்தால், அது பத்துக் கதவுகளில் ஒட்டப்பட்ட ஒரே அறிவிப்புதான்.

அப்படியானால், உறுதிமொழியை எங்கே தேடுவது? வடிகால் நீர்ப்பாசனத் துறை, நாட்டிலுள்ள ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. வழக்கநிலை, விழிப்புநிலை, எச்சரிக்கைநிலை, அபாயநிலை என அது பகுக்கப்பட்டிருக்கும். அளந்த நேரமும் உடன் குறிக்கப்பட்டிருக்கும். சாலைகளின் நிலையைக் காவல் துறையிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் கேட்டறியலாம். பரவலாகப் பகிரப்படும் ஐயத்திற்குரிய செய்திகளைச் சரிபார்ப்பதற்காக, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டில் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. ‘உண்மையில்’ என்று பொருள்படும் ‘செபெனார்ஞா’ என்ற மலாய்ச் சொல்லே அதன் பெயர். இவையும் மனிதர்களால் நடத்தப்படுபவையே. ஆயினும், இவற்றைச் சொல்பவர் யார், எப்போது, எதைக் கொண்டு சொன்னார் என்பது தெரியும். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஆள் உண்டு.

எந்த உறுதியும் கிடைக்காமல் போகும் வேளைகளும் உண்டு. மின்சாரம் போய்விட்டது, தொலைபேசி இணைப்பும் இல்லை என்றால் என்ன செய்வது? அப்போது கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. ‘எது மெய்?’ என்பதை விட்டுவிட்டு, ‘தவறாக முடிவெடுத்தால் என்ன இழப்பு?’ என்று கேட்க வேண்டும். பாலம் திறந்திருக்கும்போது மூடப்பட்டதாக எண்ணிச் சுற்றுவழியில் போனால், கொஞ்ச நேரம் வீணாகும். பாலம் மூழ்கியிருக்கும்போது திறந்திருப்பதாக எண்ணிப் போனால், பாட்டியோடு சேர்ந்து அனைவரும் ஆற்றோடு போக நேரிடும். இரண்டு தவறுகளும் ஒரே எடை உடையவை அல்ல. மெய் எதுவென்று தெரியாவிட்டாலும், எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பது தெரிகிறது.

புதிருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. புதிரில் ஏதேனும் ஒரு கதவைத் திறந்தே ஆக வேண்டும். வாழ்க்கையில் அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஐயத்திற்குரிய இணைப்பை அழுத்தாமல் இருக்கலாம். பரிசு விழுந்ததாக வரும் செய்திக்கு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காமல் இருக்கலாம். சரிபார்க்காத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளலாம். அவ்வாறு அனுப்புபவர், தாம் திறக்கத் துணியாத கதவில் தம் கையாலேயே ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டுகிறார். அதைப் படித்துவிட்டு ஆற்றங்கரையில் எந்தக் குடும்பம் பாலத்தை நோக்கி நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தத் தாயார் கைப்பேசியைப் பைக்குள் வைக்கிறார். “நேரமானாலும் பரவாயில்லை. மேட்டுச் சாலையிலேயே போகலாம்” என்கிறார். மகன் பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, மகள் குடையை விரிக்கிறாள். பாலத்துச் சாலை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதை அவர்கள் துயர்துடைப்பு மையத்தில் நிதானமாக அமர்ந்து பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.